9.79 வினாடி சந்தோஷம்... 3 நாளில் அம்பேல்!

ராத்திரி கண் முழித்துப் பந்தயம் பார்க்கிற ஆசாமியா நீங்கள்? அப்படியானால் இது உங்கள் கதைதான்.

சென்னை பாரிமுனையில் ஒரு டீக்கடை. 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந்தேதி, திங்கட்கிழமை காலை. பஸ்சை விட்டு இறங்கிய ஆபீஸ் கூட்டம் ஒரு கையில் பையும் மறு கையில் கிளாசுமாக நிற்கிறது. எல்லார் வாயிலும் பாரீஸ் ஒலிம்பிக்!

"ராத்திரி ஒண்ணேகாலுக்கு மேல உக்காந்து பாத்தேண்ணே. ரெண்டு பேரும் ஒண்ணா வந்து விழுந்தாங்க. போட்டோ பாத்துத்தான் முடிவே சொன்னாங்க!" என்றான் எதிர்த்த மருந்துக் கடைப் பையன்.

அவன் சொன்னது 100 மீட்டர் இறுதி ஓட்டத்தை. அமெரிக்காவின் நோவா லைல்ஸ், ஜமைக்காவின் கிஷேன் தாம்சன் இருவருக்குமே 9.79 வினாடி. ஒரு வினாடியை ஆயிரம் கூறு போட்டு, அதில் 5 கூறு வித்தியாசத்தில் லைல்சுக்குத் தங்கம். ஓடிய 8 பேரும் 10 வினாடிக்குள்!

பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர்.

"எவ்வளவுன்னு சொன்னே?"

"9.79 பெரியவரே."

"அந்த நம்பரை நான் முன்னாடியே பாத்திருக்கேன். யார் ஜெயிச்சதுன்னு பத்து வருஷம் கழிச்சு வந்து கேளு, சொல்றேன்!"

கடையில் ஒரே சிரிப்பு. லைல்ஸ் மீது ஊக்க மருந்துப் புகார் எதுவும் கிடையாது. அது பெரியவருக்கும் தெரியும். ஆனால் அவர் ஒரு தடவை சூடு கண்ட பூனை. அந்தச் சூட்டைக் கேளுங்கள்.

சியோலில் ஒரு சனிக்கிழமை

1988, செப்டம்பர் 24. தென்கொரியாவின் தலைநகர் சியோல். அதே ஒலிம்பிக். அதே 100 மீட்டர்.

மவுண்ட்ரோட்டில் ஒரு டி.வி. கடையின் கண்ணாடிக்கு வெளியே பெருங்கூட்டம். அதில் நம் பெரியவரும் ஒருவர். அப்போது பெரியவர் இல்லை, வாலிபர். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். அதிலும் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு நின்றாராம்.

ஒரு பக்கம் கார்ல் லூயிஸ். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 4 தங்கம் அள்ளிய அமெரிக்கர். இன்னொரு பக்கம் பென் ஜான்சன். ஜமைக்காவில் பிறந்து சிறு வயதில் கனடாவுக்குக் குடியேறியவர். பேசினால் வாய் திக்கும். கால் திக்காது! 1987-ல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில் 9.83 வினாடியில் ஓடி லூயிசை மண்ணைக் கவ்வ வைத்தவர்.

எம்.ஜி.ஆர். கட்சி, சிவாஜி கட்சி மாதிரி ஆபீசே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. நம்மவர் ஜான்சன் கட்சி.

துப்பாக்கி வெடித்தது. ஜான்சன் கவணில் இருந்து விட்ட கல் மாதிரி கிளம்பினார். லூயிஸ் ஓடிக் கொண்டே அவரைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். எல்லைக் கோடு வரும்போதே ஜான்சனின் வலது கை மேலே போய்விட்டது. ஆள்காட்டி விரல் வானத்தில்!

நேரம் 9.79. உலக சாதனை! லூயிஸ் 9.92. மூன்றாவது இங்கிலாந்தின் லின்போர்டு கிறிஸ்டி, 9.97. நாலாவது அமெரிக்காவின் கால்வின் ஸ்மித், 9.99.

இந்த நாலாவது ஆளைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். பிறகு வருவார்.

"கடை வாசல்ல விசில் அடிச்சோம். முன்ன பின்ன தெரியாதவனெல்லாம் கட்டிப் புடிச்சான். ஆபீசுக்குப் போய் எல்லாருக்கும் என் செலவுல போண்டா டீ!" என்கிறார் பெரியவர்.

சியோலில் நிருபர்களிடம் ஜான்சன் என்ன சொன்னார் தெரியுமா? இந்த ரிக்கார்டு 50 வருஷம், ஏன், 100 வருஷம் கூட நிற்கும் என்றார். தங்கப் பதக்கம் இருக்கிறதே, அதை யாரும் நம்மிடம் இருந்து பிடுங்க முடியாது என்றும் சொன்னார்.

பிடுங்கினார்கள். மூன்றே நாளில்!

செவ்வாய்க்கிழமை செய்தி வெடித்தது. ஓட்டம் முடிந்து ஜான்சன் கொடுத்த சிறுநீரில் 'ஸ்டனோசோலால்' இருந்தது. தசையை முறுக்கேற்றுகிற ஸ்டீராய்டு சரக்கு. கனடா அணி அதிகாரிகளே அவர் அறைக்குப் போய் பதக்கத்தைத் திருப்பி வாங்கினார்கள். சனிக்கிழமை பூமாலை போட்டவர்கள் செவ்வாய்க்கிழமை விமான நிலையத்தில் அவரைச் சூழ்ந்து நெருக்கித் தள்ளினார்கள்.

இங்கே நம்ம ஆள்?

"லூயிஸ் கட்சிக்காரன் ஒருத்தன் என் டேபிளுக்கு வந்தான். ஒண்ணும் பேசல. ஒரு மாத்திரை அட்டையை வெச்சுட்டுப் போனான். அவ்வளவுதான்! அந்த போண்டாக் காசை நினைச்சா இன்னிக்கும் வயிறு எரியுது தம்பி."

யார்தான் யோக்கியம்?

1988-ல் கனடா அரசு நீதிபதி டூபின் தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டது. ஜான்சனின் கோச் சார்லி பிரான்சிஸ் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்தார். 1981-ல் இருந்தே மருந்து! ஜான்சனும் ஒப்புக் கொண்டார். ரோமில் ஓடிய 9.83-ம் ரிக்கார்டு புத்தகத்தில் இருந்து அடிக்கப்பட்டது. தடை முடிந்து வந்தவர் 1993-ல் மறுபடியும் மாட்டினார். ஆயுள் தடை.

லூயிஸ் கட்சிக்காரர்களாவது கடைசி வரை மீசையை முறுக்கிக் கொண்டு இருந்தார்களா? அதுவும் இல்லை. 2003-ல் ஒரு குண்டு விழுந்தது. சியோலுக்கு ஆள் எடுத்த அமெரிக்கத் தேர்வுப் போட்டியிலேயே லூயிசின் சாம்பிளில் தடை செய்த ஊக்கிகள் கொஞ்சம் இருந்திருக்கின்றன. மூலிகை மாத்திரையில் கலந்து தெரியாமல் உள்ளே போனது என்று அவர் தரப்பு சொன்னது. அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டியும் சரி என்று விட்டுவிட்டது. அளவு குறைவுதான். ஆனால் 15 வருஷம் வெளியே தெரியாமல் இருந்ததே, அதற்கு என்ன சொல்வது?

மூன்றாவது வந்த கிறிஸ்டி 1999-ல் 'நாண்ட்ரோலோன்' விவகாரத்தில் மாட்டினார். அவர் மறுத்தார். இருந்தும் 2 வருஷத் தடை.

ஐந்தாவது வந்த டென்னிஸ் மிட்செல் 1998-ல் அகப்பட்டார். உடம்பில் ஆண்மைச் சுரப்பு அளவு எகிறிக் கிடந்தது. காரணம் கேட்டால், முந்தின நாள் மனைவியின் பிறந்த நாளாம், பீர் குடித்தாராம், அப்புறம்... மீதியைக் குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகையில் எழுத முடியாது! உலகத் தடகள சம்மேளனம் அந்தக் கதையை நம்பவில்லை.

கடைசியாக நொண்டிக் கொண்டு வந்த ஜமைக்காக்காரர் ரே ஸ்டூவர்ட் ஓடுகிற காலத்தில் மாட்டவில்லை. கோச் ஆன பிறகு மருந்து சப்ளை விஷயத்தில் 2010-ல் ஆயுள் தடை. இப்படியாக அந்த 8 பேரில் 6 பேர் பெயர் ஏதாவது ஒரு கட்டத்தில் ஊக்க மருந்து விவகாரத்தில் அடிபட்டது.

கறை படாத இரண்டு பேரில் ஒருவர்தான் அந்த நாலாவது ஆள், கால்வின் ஸ்மித். சும்மா ஆள் இல்லை. 1983-ல் 9.93 ஓடி உலக சாதனை வைத்தவர். 200 மீட்டரில் இரண்டு தடவை உலக சாம்பியன். ஜான்சன் போனதால் வெண்கலம் கிடைத்தது. நியாயப்படி தங்கமே எனக்குத்தான் சேர வேண்டும் என்று பின்னாளில் சொன்னார். யார் கேட்டார்கள்?

"மவுண்ட்ரோட்ல அன்னிக்கு அத்தனை பேர் நின்னோமே, அந்த மனுஷன் பேரை ஒருத்தனாச்சும் சொன்னோமா?" என்று பெரியவரே கேட்கிறார்.

ஏர்போர்ட்டில் தங்கம்!

ஏமாற்றியவன் மாட்டினால் பதக்கம் அடுத்தவனுக்குப் போகும். சட்டம் அப்படி. ஆனால் எப்போது போகும், எங்கே போகும்?

அமெரிக்காவில் ஆடம் நெல்சன் என்று ஒரு குண்டு எறியும் வீரர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அவரும் உக்ரைனின் யூரி பிலோனாக்கும் ஒரே தூரம், 21.16 மீட்டர். இரண்டாவது சிறந்த வீச்சைப் பார்த்து பிலோனாக்குக்குத் தங்கம் கொடுத்தார்கள். பழைய சாம்பிளை எடுத்துத் திரும்பச் சோதித்ததில் 2012-ல் பிலோனாக் அவுட். 2013-ல் நெல்சனுக்குத் தங்கம் வந்து சேர்ந்தது. எங்கே தெரியுமா? அட்லாண்டா விமான நிலையத்தில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கிற பகுதியில்! தேசிய கீதம் இல்லை, கொடி இல்லை. ஒரு அதிகாரி கொண்டு வந்து கொடுத்தார், வாங்கிக் கொண்டார். மீனம்பாக்கத்தில் பிளேனுக்குக் காத்திருக்கும்போது இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் தங்கப் பதக்கத்தை வைத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்!

இப்போது கொஞ்சம் தேவலை. லண்டனில் 2012-ல் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 52.77 வினாடியில் ஓடி, ரஷியாவின் நதாலியா அன்ட்யூக்கிடம் 0.07 வினாடியில் தோற்றவர் அமெரிக்காவின் லஷிண்டா டெமஸ். அன்ட்யூக்கின் பதக்கம் பின்னால் ரத்தானது. 2024 ஆகஸ்டில் பாரீசில், ஈபிள் கோபுரத்தின் எதிரே, ரசிகர்கள் கைதட்ட டெமசுக்குத் தங்கம் போட்டார்கள். 12 வருஷம் லேட்! லண்டனில் அவர் ஓடியபோது கைக்குழந்தைப் பருவம் தாண்டியிருந்த இரட்டைப் பிள்ளைகள் இப்போது வாலிபர்கள்.

நம் நாட்டிலும் உண்டு. நீளம் தாண்டும் அஞ்சு பாபி ஜார்ஜ். 2005-ல் மொனாக்கோவில் நடந்த உலகத் தடகள இறுதிப் போட்டியில் 6.75 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். முதலில் வந்த ரஷியாவின் தத்யானா கோட்டோவா பழைய சாம்பிளில் மாட்டிக் கொள்ள, 2014-ல் அஞ்சுவுக்குத் தங்கம் என்று அறிவித்தார்கள். பேப்பரில் ஒரு மூலையில் செய்தி. அன்றைக்குப் பட்டாசு வெடித்தவர் யாரும் உண்டா? 2004 ஏதென்சில் அவர் தாண்டிய 6.83 மீட்டரை அடுத்த 20 வருஷத்தில் இந்தியாவில் ஒரு பெண்ணும் தாண்டவில்லை. அன்று கிடைத்தது ஆறாவது இடம். அமெரிக்காவின் மேரியன் ஜோன்ஸ் 2007-ல் தன் வாயாலேயே குற்றத்தை ஒப்புக் கொண்டதால் அது ஐந்தாவது இடமாக ஆனது.

பாட்டில் ரகசியம்

சோதனை எப்படி நடக்கிறது என்று மருந்துக் கடைப் பையன் கேட்டான். கேட்டால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். வீரர் சிறுநீர் கழிக்கும்போது ஒரு அதிகாரி நேரில் நின்று பார்ப்பார். ஏமாற்றக் கூடாது அல்லவா? அதை இரண்டு பாட்டிலில் பிரித்து 'ஏ', 'பி' என்று சீல் வைப்பார்கள். மேலே பெயர் கிடையாது, நம்பர் மட்டும். 'ஏ' பாட்டிலில் மருந்து தெரிந்தால், வீரர் கேட்டுக் கொண்டபடி 'பி' பாட்டிலை உடைப்பார்கள். மிச்சத்தை 10 வருஷம் வரை பத்திரமாக வைத்து, புதுப் புது மெஷின் வரவர எடுத்துச் சோதிப்பார்கள். பெரியவர் 10 வருஷம் கழித்து வரச் சொன்ன கணக்கு இதுதான்!

இதிலும் தில்லுமுல்லு நடந்தது. ரஷியாவின் சோச்சியில் 2014 குளிர்கால ஒலிம்பிக். சோதனைச்சாலைச் சுவரில் ஒரு ஓட்டை! ராத்திரியில் அந்த ஓட்டை வழியாகப் பாட்டில்கள் பக்கத்து அறைக்குப் போகும். அழுக்கு மூத்திரத்தைக் கொட்டிவிட்டு, முன்பே எடுத்து வைத்த சுத்தமான மூத்திரத்தை ஊற்றித் திருப்பி அனுப்புவார்கள். இதை 2016-ல் வெளியே சொன்னவர் வேறு யாருமில்லை, அந்தச் சோதனைச்சாலையின் தலைவர் ரோட்சென்கோவேதான். மூன்று வித ஸ்டீராய்டை ஆண்களுக்கு விஸ்கியிலும் பெண்களுக்கு வெர்மூத் ஒயினிலும் கலந்து கொடுத்ததாகவும் அவர் சொன்னார். வேலியே பயிரை மேய்ந்த கதை!

அதற்காக மாட்டுகிறவர்கள் எல்லாரும் கேடி என்று சொல்லிவிட முடியாது. 2019-ல் கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவுக்கு 8 மாதத் தடை. காரணம், இருமல் மருந்தில் இருக்கிற டெர்புட்டலின். 2003 உலகக் கோப்பை தொடங்குகிற நேரத்தில் சுழல் மன்னன் ஷேன் வார்ன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். உடம்பு இளைக்க அம்மா கொடுத்த மாத்திரை என்றார். ஒரு வருஷத் தடை. உசேன் போல்ட் ஒரு சோதனையிலும் தோற்றதில்லை. ஆனாலும் 2008 பெய்ஜிங் ரிலே தங்கத்தை 2017-ல் திருப்பிக் கொடுத்தார். கூட ஓடிய நெஸ்டா கார்ட்டர் மாட்டியதால்!

நம்ம வீட்டுப் பெண் என்றால்?

எதிராளி மாட்டினால் நமக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. மறைப்பானேன்? 2021 டோக்கியோவில் பளு தூக்கி வெள்ளி வாங்கினார் மீராபாய் சானு. இரண்டு நாளில் ஒரு புரளி. முதலிடம் வந்த சீனப் பெண் ஹூ ஷிஹுயியை மறு சோதனைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்களாம், மீராபாய்க்குத் தங்கமாம்! ஊர் முழுக்கப் பேச்சு. பலகாரக் கடை வரை வாழ்த்து. கடைசியில் ஒன்றும் இல்லை. ஒரு பாவமும் செய்யாத அந்தச் சீனப் பெண் 2024 பாரீசிலும் தங்கம் வாங்கிக் கொண்டு போனார். அவரைத் திருடி என்று பேசிய நம்மில் யார் போய் மன்னிப்புக் கேட்டோம்?

சரி, மாட்டியது நம்ம வீட்டுப் பெண் என்றால்?

2019 ஏப்ரல் 22. கத்தார் நாட்டின் தோகாவில் ஆசியத் தடகளப் போட்டி. 800 மீட்டரில் கடைசி நேரத்தில் பாய்ந்து தங்கம் வென்றார் கோமதி மாரிமுத்து. 2 நிமிடம் 2.70 வினாடி. திருச்சி பக்கம் முடிகண்டம் கிராமத்து ஏழை விவசாயக் குடும்பத்துப் பெண். தமிழ்நாடே கொண்டாடியது. பரிசுகள் குவிந்தன. எந்தப் பெட்டிக்கடையில் தொங்கிய பேப்பரிலும் அவர் படம்தான்.

ஒரே மாதம். சாம்பிளில் நாண்ட்ரோலோன் என்று செய்தி வந்தது. தடை செய்த எதையும் நான் உட்கொண்டதே இல்லை என்று அவர் சொன்னார். 'பி' பாட்டிலிலும் அதுவே இருந்தது. 2020-ல் தீர்ப்பு, 4 வருஷத் தடை. தங்கமும் போனது.

ஜான்சனுக்கு மாத்திரை அட்டை வைத்துச் சிரித்த ஊர், கோமதி விஷயத்தில் சிரிக்கவில்லை. "யாரோ சத்துப் பவுடர்னு கொடுத்திருப்பாங்க", "விவரம் தெரியாத பொண்ணு" என்றுதான் டீக்கடையில் பேசிக் கொண்டார்கள். ஜான்சனும் ஏழை வீட்டுப் பிள்ளைதானே, அவருக்கு ஏன் இப்படிப் பேசவில்லை? நானும்தான் பேசவில்லை. அதே சமயம் தோகாவில் அவருக்குப் பின்னால் ஓடி வந்த சீனப் பெண் வாங் சுன்யுவுக்கும் வீடு உண்டு, ஊர் உண்டு. இதை அன்றைக்கு இங்கே சொல்லியிருந்தால் உதைதான் விழுந்திருக்கும்.

விஷயம் ஒரு பெண்ணோடு நிற்கவில்லை. 2023-ல் 5 ஆயிரத்துக்கு மேல் சாம்பிள் சோதித்த நாடுகளில் அதிக சதவீதம் பேர் மாட்டியது இந்தியாவில்தான். அதே வருஷம் செப்டம்பரில் டெல்லியில் மாநிலத் தடகளப் போட்டி. சோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று காதும் காதும் வைத்தாற்போலச் செய்தி பரவியது. 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் போய்ப் பார்த்தால் ஓட நின்றது ஒரே ஒருத்தர்! மற்றவர்கள் எஸ்கேப். கழிப்பறையில் ஊசிகள் கிடந்தன. இன்னொரு ஓட்டத்தில் ஓடி வந்த ஒரு பெண், எல்லைக் கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடிக் கொண்டே இருந்தாராம். அதிகாரி பின்னாலேயே ஓடினாராம்!

டீக்கடையில் இதைச் சொன்னதும் சிரித்து மாளவில்லை. அப்புறம் மருந்துக் கடைப் பையன் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எங்க கடைக்கும் பசங்க வருவானுங்கண்ணே. போலீஸ் செலக்ஷனுக்கு ஓடணும், ஊசி இருக்கான்னு கேப்பானுங்க. சீட்டு இல்லாம தரமாட்டேன்னு அனுப்பிடுவேன். வேற எங்கயாவது வாங்கியிருப்பானுங்க" என்றான்.

யாரும் ஒன்றும் பேசவில்லை. டீ மாஸ்டர் பால் சட்டியை இறக்கினார்.

பெரியவர் காசைக் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்தார். இரண்டு அடி போனவர் திரும்பினார்.

"தம்பி, 200 மீட்டர் பைனல் என்னிக்கு?"

"வியாழக்கிழமை பெரியவரே. ராத்திரி 12 மணிக்கு."

"சரி, சரி. சாயங்காலமே கொஞ்சம் தூங்கிக்கணும்."